'லேடி விண்டர்மியரின் விசிறி': அம்மா என்ற ரகசியத்தைப் பார்வையாளருக்கு எப்போது உடைப்பது?

வாசிப்பறை (கேள்வி)

ஆஸ்கர் வைல்டின் இந்த நாடகத்தைத் தமிழில் வாசிப்பு நாடகமாகக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. நான்கு அங்கங்கள், இரண்டு மணி நேரம், பதினொரு பேர். மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

1. மிஸஸ் எர்லின்தான் லேடி விண்டர்மியரைப் பெற்றவள் என்பது கடைசி அங்கம்வரை தெரியாமல் இருந்தால் நல்ல அதிர்ச்சி கிடைக்கும் என்பது குழுவில் பாதிப் பேரின் கட்சி. அச்சில் உள்ள பிரதியோ முன்னாலேயே கசியவிடுகிறது. கசிகிற வசனங்களை வெட்டிவிடலாமா?

2. மூன்றாம் அங்கத்தில், கணவன்மேல் சந்தேகப்பட்டு லேடி விண்டர்மியர் வீட்டைவிட்டுப் போய் நிற்கும் லார்ட் டார்லிங்டனின் (அவளைக் காதலிப்பவன்) அறையில் அவள் விசிறி அகப்படும் இடம். ஐந்து ஆண்கள், ஒளிந்திருக்கும் இரண்டு பெண்கள், ஒரு சோபா. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் குழப்படியாகிறது.

3. இவ்வளவு நடந்தும் கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் உண்மையைச் சொல்லாமலே நாடகம் முடிகிறது. இன்று கேட்பவர்களுக்கு இது நழுவலாகத் தெரியாதா? "உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் அங்கத்திலேயே தீர்ந்திருக்குமே" என்று யாராவது கேட்டால் என்ன பதில்?

நாடகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், பிரதி கையில் இருக்கிறது.

---

திரைக்குப்பின்

முதல் கேள்விக்கு வைல்டே பட்டுத் தெரிந்துகொண்ட பதில் இருக்கிறது. 1892 பிப்ரவரி 20, லண்டன் செயின்ட் ஜேம்ஸஸ் தியேட்டரில் முதல் இரவு. அன்று உங்கள் குழுவின் பாதிப் பேர் கேட்கிற மாதிரியேதான் ஆடினார்கள். நான்காம் அங்கம்வரை அவள் யாரென்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. தியேட்டரை நடத்தியவரும் லார்ட் விண்டர்மியராக நடித்தவருமான ஜார்ஜ் அலெக்ஸாண்டர், முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று ஒத்திகைக் காலத்திலிருந்து மன்றாடிக்கொண்டிருந்தார். வைல்ட் மசியவில்லை. முதல் இரவு முடிந்த சில நாட்களுக்குள் மாற்றிவிட்டார். விமர்சகர்கள் சொன்னதற்காக மாற்றவில்லை, அன்றிரவு சாப்பாட்டுக்குக் கூடிய நண்பர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள், அதனால்தான் என்று பத்திரிகைக்குக் கடிதமும் போட்டார். விட்டுக்கொடுத்தாலும் தோற்றதாகக் காட்டிக்கொள்ளாத ஆள்.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ரகசியத்தை மறைத்து இரண்டாம் அங்கத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடன விருந்துக்குப் பேர் கெட்ட ஒருத்தி வருகிறாள். லார்ட் விண்டர்மியரைத் தனியே ஒதுக்கிக்கொண்டு, அகஸ்டஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், எனக்கு வருடத்துக்கு £2,000 எழுதி வை என்று ஆரம்பித்து £2,500-க்கு ஏற்றுகிறாள். பார்ப்பவர்கள் அவளை வைப்பாட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். லேடி விண்டர்மியரின் சந்தேகமே சரி என்று அவள் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதன்பின் மூன்றாம் அங்கத்தில் மிஸஸ் எர்லின் லேடி விண்டர்மியரைக் காப்பாற்றப் போய் நிற்கும்போது, "எதற்கு?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். நாடகத்தின் மிகப் பலமான பதினைந்து நிமிடம் புதிராக வீணாகிவிடும். நான்காம் அங்கத்தில் விடை கிடைக்கும்போது, பார்த்ததைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை.

அச்சுப் பிரதியில் கசிவு இரண்டு தவணை. முதல் அங்கத்தின் கடைசி வரி: இவள் உண்மையில் யார் என்று மனைவியிடம் சொல்லத் துணிவில்லை, சொன்னால் அவமானத்தில் செத்துவிடுவாள் என்று கணவன் தனியே நின்று சொல்வது. இது பாதிக் கசிவு. வைப்பாட்டி இல்லை, வேறு ஏதோ என்பது மட்டும் பிடிபடும். இரண்டாவது, இரண்டாம் அங்கத்தின் முடிவில். லேடி விண்டர்மியர் கணவனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தை மிஸஸ் எர்லின் பிரிக்கிறாள். இருபது வருடம் முன்பு தான் எழுதிவைத்த அதே வார்த்தைகள். "என் குழந்தை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். இது முழுக் கசிவு.

இரண்டையும் வெட்டாதீர்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் முதலாவதை வெட்டலாம். இரண்டாவதில் கைவைத்தால் நாடகம் போய்விடும்.

நேரம் மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் வேலைக்காரர் பார்க்கர் வரிசையாகப் பெயர் கூப்பிடும் விருந்தாளிகள். பெயரை மட்டும் கூப்பிட்டுவிட்டு அவர்கள் வசனத்தில் முக்கால்வாசியை எடுத்துவிடலாம். பெர்விக் டச்சஸின் மகள் அகதாவும் அவளைக் கட்டப்போகும் ஹாப்பரும் வரும் துண்டை மட்டும் வெட்டாமல் விடுங்கள். அந்தப் பெண் நாடகம் முழுக்க "சரிம்மா" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. அதே "சரி"யை ஹாப்பரிடம் ஆஸ்திரேலியா போகவும் சொல்லிவைத்து, டச்சஸுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பெற்று வளர்த்துப் பக்கத்திலேயே வைத்திருக்கும் அம்மாவுக்கே மகள் மனசு தெரியவில்லை. இருபது வருடமாகக் கண்ணில் படாதவள் ஒரு கடிதத்தின் முதல் வரியிலேயே மகளைப் படித்துவிடுகிறாள். அடுத்தடுத்து வைத்திருக்கிறார் மனிதர்.

---

மூன்றாம்வரிசை

இரண்டாவது கேள்வி. குழப்படி வருவதற்குக் காரணம், எல்லோரும் சேர்ந்து விசிறியைக் கண்டுபிடிக்கிற மாதிரி நடிப்பது. பிரதியில் அப்படி இல்லை. ஒருவன் பார்க்கிறான், சிரிக்கிறான், அடுத்தவனுக்குக் காட்டுகிறான். விண்டர்மியர்தான் கடைசி.

அறையை முதலில் தீர்மானியுங்கள். நடுப் பின்புறம் ஜன்னல் திரைச்சீலை, அதன் பின்னால் லேடி விண்டர்மியர். பக்கவாட்டில் உள் அறைக்குப் போகும் கதவு, அங்கே மிஸஸ் எர்லின். வெளியே போகும் வழி அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இந்த மூன்றும் ஒரே பக்கம் விழுந்தால் கடைசித் தப்பித்தல் நடக்காது. சோபா முன்னால், கொஞ்சம் ஓரமாக.

விசிறி சோபாவுக்கு எப்போது வருகிறது என்பதையும் முடிவு பண்ணுங்கள். லேடி விண்டர்மியர் போகிறேன், இருக்கிறேன் என்று இரண்டு மனசாக அலையும்போது மேலங்கியைச் சோபாவில் வீசுகிறாள். அந்த வீச்சோடு விசிறியும் விழட்டும். தனியாக எடுத்து வைத்தால் "இதோ வைக்கிறேன் பாருங்கள்" என்று ஆகிவிடும். கிளம்பும் அவசரத்தில் அங்கி கைக்கு வருகிறது, விசிறி அங்கேயே கிடக்கிறது. வாசிப்பு நாடகம் என்றாலும் விசிறி மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். விரித்தால் பின்வரிசைக்கும் தெரிகிற அளவு, ஓர் அடிக்குக் குறையாமல். சோபாவின் நிறத்திலிருந்து வேறு நிறம்.

பெண்கள் ஒளியும்போது ஒரு நுணுக்கம் பறிபோகும், கவனியுங்கள். குரல் கேட்டதும் மிஸஸ் எர்லின் திரைக்குப் பின்னால் அவளை மட்டும்தான் தள்ளுகிறாள். தான் ஒளிய நினைக்கவில்லை, எதிர்கொள்ளலாம் என்றுதான் நிற்கிறாள். லார்ட் அகஸ்டஸின் குரல் கேட்டபிறகே உள்ளறைக்கு ஓடுகிறாள். அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள். இந்த ராத்திரியில் இன்னொருவன் அறையில் அவர் கண்ணில் பட்டால் அந்தக் கல்யாணம் போச்சு. இந்த இரண்டு விநாடி இடைவெளி சரியாக விழுந்தால்தான், பின்னால் தானாகக் கதவைத் திறந்துகொண்டு வரும்போது எதை இழக்கிறாள் என்று அரங்கத்துக்குத் தெரியும். ஒரே நேரத்தில் இருவரும் ஓடினால் எல்லாம் போயிற்று.

ஆண்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்பதையும் விழுங்கிவிடாதீர்கள். விண்டர்மியரைக் கிளப்புக்குக் கூட்டிப் போய் முடிந்தமட்டும் பிடித்துவையுங்கள் என்று அகஸ்டஸை அனுப்பியவளே மிஸஸ் எர்லின்தான். கிளப்பில் இரவு இரண்டு மணிக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். நேரே டார்லிங்டன் அறை. காப்பாற்றப் போட்ட திட்டமே கணவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளே வந்ததும் கூட வந்த டம்பி கிளப்பைத் திட்டுகிற வரி ஒன்று உண்டு. சாதாரணமாகத்தான் இருக்கும், தெளிவாகச் சொல்ல வையுங்கள்.

இனி வரிசை:

டார்லிங்டன் தான் கண்ட ஒரே நல்ல பெண்ணைப் பற்றி உருகிக்கொண்டிருக்கிறான். அவளே அறைக்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது. வந்த ஆண்களில் ஒருவனான செசில் கிரஹாம் அப்போதுதான் சோபாவைப் பார்க்கிறான். இங்கே ஒரு சின்ன நிறுத்தம், அவன் சிரிப்பு. அகஸ்டஸை அழைத்துக் காட்டுகிறான். விண்டர்மியருக்குக் காட்டுவது தமாஷுக்காக. விண்டர்மியர் விசிறியைப் பிடுங்குகிறார், டம்பி எழுகிறான். அதுவரை மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. விண்டர்மியர் டார்லிங்டனைக் கேட்கிறார். அப்போதுதான் டார்லிங்டனுக்கு உறைக்கிறது, வந்துவிட்டாள் என்று. முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போக வேண்டும். அறையைச் சோதிக்கவிட மாட்டேன் என்று மறிக்கிறான். அந்த மறிப்பே விண்டர்மியரை உறுதிப்படுத்திவிடுகிறது. அவர் திரைச்சீலையை நோக்கிப் பாய்கிறார்.

கதவு திறக்கிறது. எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. திரும்பிய தலைகள் அப்படியே நிற்க, எதிர்ப்பக்கமாக லேடி விண்டர்மியர் நழுவுகிறாள். நாலைந்து அடிக்கு மேல் இருந்தால் ஓட வேண்டிவரும், ஓடினால் சத்தம் கேட்கும். ஆகவே திரைச்சீலைக்கும் வழிக்கும் நடுவே பாதையில் நாற்காலி போடாதீர்கள்.

உங்கள் மனைவியின் விசிறியை என்னுடையது என்று தவறி எடுத்துவந்துவிட்டேன் என்பதுதான் மிஸஸ் எர்லினின் வரி. இதை அழுது சொன்னால் கெட்டது. விருந்தில் குடை மாறிப்போன மாதிரி சொல்ல வேண்டும். சொன்னதும் விண்டர்மியரிடம் வெறுப்பு, டார்லிங்டனிடம் திகைப்பும் கோபமும், அகஸ்டஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மற்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். திரை. ஒருவரும் கூடுதலாக மூச்சுகூட விட வேண்டாம்.

---

குறுக்குவிசாரணை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "உண்மையைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமே" என்று கேட்பவரிடம், 1892-இல் என்ன தீர்ந்திருக்கும் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அன்றைய இங்கிலாந்தில் விவாகரத்துக்கு இருந்தது 1857-ஆம் ஆண்டுச் சட்டம். மனைவி பிறனோடு போனாள் என்று நிரூபித்தால் போதும், கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். போன ஆளிடம் நஷ்டஈடும் கேட்கலாம். மனைவிக்கு அது போதாது. கணவனின் சோரத்தோடு கொடுமையோ, இரண்டு வருடக் கைவிடலோ, இருதார மணமோ, அதுமாதிரி இன்னொரு குற்றமும் சேர வேண்டும். 1923-இல்தான் இது சமமானது.

இதை மனசில் வைத்து முதல் அங்கத்தைப் படியுங்கள். கர்சன் தெருவில் மிஸஸ் எர்லின் இருக்கும் வீட்டுக்கு உன் புருஷன் ஓயாமல் போய்வருகிறான் என்று பெர்விக் டச்சஸ் வந்து சொல்கிறாள். லேடி விண்டர்மியர் கணவனின் வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுக்கிறாள். முதல் புத்தகத்தில் ஒன்றுமில்லை. இன்னொன்று பூட்டியிருக்கிறது. காகிதக் கத்தியால் அட்டையை அறுக்கிறாள். மிஸஸ் எர்லின் £600, மிஸஸ் எர்லின் £700, மிஸஸ் எர்லின் £400. மொத்தம் £1,700. அவள் நினைப்பது அத்தனையும் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் நடக்காது. அடிக்கவில்லை, கைவிடவில்லை. டச்சஸ் சொல்லும் வைத்தியம் அதனால்தான் வெறும் வேடிக்கை இல்லை. புருஷனை ஹோம்பர்க், ஏக்ஸ் மாதிரி ஊற்றுநீர் ஊர்களுக்குக் கூட்டிப்போய்க் கண்ணெதிரில் வைத்துக்கொள் என்கிறாள். வழக்குப் போட முடியாத இடத்தில் பெண்களுக்கு மிச்சமிருந்தது அதுதான்.

லேடி விண்டர்மியர் பக்கம் தலைகீழ். வீட்டைவிட்டுப் போகிறேன் என்று எழுதிய கடிதம், நடுராத்திரியில் இன்னொருவன் அறை, சோபாவில் பெயர் பொறித்த விசிறி. டார்லிங்டன் அந்த நேரம் வீட்டிலேயே இல்லை என்பது உண்மைதான். யார் நம்புவார்கள்? மிஸஸ் எர்லின் டார்லிங்டன் அறைக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை நெருப்பில் போடுகிறாளே, அது உணர்ச்சிவசப்பட்டுச் செய்த காரியம் என்று நடிக்க விடாதீர்கள். அனுபவம் உள்ளவள் சாட்சியத்தை ஒழிக்கிறாள். அடுத்த சாட்சியம் விசிறி. அதை எரிக்க நேரமில்லை, அதனால் தன் பேரில் ஏற்றுக்கொள்கிறாள்.

சரி, விண்டர்மியர் முதல் அங்கத்திலேயே சொல்லியிருந்தால்? மனைவி தன் அம்மா செத்துவிட்டாள் என்று நம்புகிறவள். அப்பாவின் அக்கா லேடி ஜூலியா, விட்டுக்கொடுப்பே கிடையாது என்று வளர்த்த பெண். அம்மாவின் சின்னச் சித்திரத்தை வைத்துக் கும்பிடுகிறவள். அந்த அம்மா உயிரோடு இருக்கிறாள், விவாகரத்தானவள், பெயரை மாற்றிக்கொண்டு லண்டனுக்கு வந்து மருமகனிடம் பணம் பறிக்கிறாள் என்று அன்று அவளுடைய இருபத்தொன்றாம் பிறந்தநாளில் சொல்ல வேண்டும். விவாகரத்தில் குற்றவாளியாகத் தீர்ந்த பெண்ணை அரண்மனையில் ஏற்க மாட்டார்கள், மேல்தட்டு வீடுகளும் அதைப் பார்த்தே நடந்தன. மிஸஸ் எர்லின் ஓர் அழைப்பு அட்டைக்கு அவ்வளவு பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். விண்டர்மியர் வீட்டு அட்டை ஒன்று கிடைத்தால் மற்ற வீட்டுக் கதவுகள் தானாகத் திறக்கும். இரண்டாம் அங்கத்தில் டச்சஸ் எவ்வளவு சீக்கிரம் பேச்சை மாற்றுகிறாள் என்று பாருங்கள், நீங்களே கூப்பிட்டிருக்கும்போது அவளிடம் என்ன குறை இருக்கப்போகிறது என்று.

ஆனால் விண்டர்மியரை நல்லவர் என்று விட்டுவிடவும் மனமில்லை. பணம் கொடுத்து மறைத்ததாவது மனைவிக்காக. நான்காம் அங்கத்தில் பேசுகிற பேச்சு? முந்தின நாள் முழுக்க "அவள் திருந்த நினைக்கிறாள், கை கொடு" என்று மனைவியைக் கெஞ்சியவர், ஒரே ராத்திரியில் அவளைப் போல் கெட்டவள் இல்லை என்கிறார். நேற்று கல்லாக இருந்த மனைவி இன்று அவளுக்காக வாதாடுகிறாள். இருவரும் இடம் மாறி நிற்பதற்குக் காரணமே ஆளுக்குப் பாதி தெரிந்திருப்பதுதான். அவள் அம்மா என்று அவருக்குத் தெரியும், ராத்திரி என்ன செய்தாள் என்று தெரியாது. மனைவிக்கு ராத்திரி நடந்தது தெரியும், அம்மா என்று தெரியாது. இரண்டு பாதியும் தெரிந்தவள் மிஸஸ் எர்லின் ஒருத்திதான். அவள் இரண்டு பேர் வாயையும் தனித்தனியாகக் கட்டுகிறாள். அவரிடம் மிரட்டல்: நான் யாரென்று சொன்னால் என் பெயரை உன் மனைவி வாழ்நாள் முழுக்க வெட்கப்படுகிற அளவுக்கு நாறடிப்பேன். மகளிடம் வேண்டுகோள்: எனக்குப் பட்ட கடனை வாயை மூடிக் கொடுத்துத் தீர். ஒரே காரியத்துக்கு இரண்டு குரல்.

இதை நழுவல் என்று சொல்ல முடியவில்லை. முதல் அங்கத்தில் லேடி விண்டர்மியர் போட்ட நல்லது-கெட்டது கோட்டை அவளே அழிக்கிறாள், ஆனால் அம்மாவின் சித்திரத்தைக் கும்பிடுவதை விடவில்லை. பாதிதான் மாறுகிறாள். வைல்ட் அதை மறைக்கவும் இல்லை.

---

வாசிப்பறை

மூவருக்கும் நன்றி. வெட்டு யோசனையைக் கைவிட்டாயிற்று. கதவு ஒருபக்கம், வழி மறுபக்கம் என்று வைத்ததுமே பாதிக் குழப்பம் போய்விட்டது.

இதிலிருந்து இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் நீ, நீங்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மூன்றாம் அங்கத்தில் மிஸஸ் எர்லின் லேடி விண்டர்மியரை "நீ" என்று சொன்னால் அம்மா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. "நீங்கள்" என்றே வைத்தால் கெஞ்சுகிற இடம் விறைத்துப் போகிறது. என்ன செய்யலாம்? கடைசி இரண்டு வரியும் தமிழில் உட்கார மறுக்கிறது.

---

திரைக்குப்பின்

ஆங்கிலக்காரனுக்குக் கிடைக்காத கருவி உங்கள் கையில் இருக்கிறது, அதைச் சிக்கல் என்கிறீர்களே.

மூன்றாம் அங்கத்தில் அவள் "நீங்கள்" என்றே தொடங்கட்டும். எதிரில் நிற்பவள் ஒரு பிரபுவின் மனைவி, இவள் நேற்று அழைப்பு வாங்கி வந்தவள். வேறு வழியும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் லேடி விண்டர்மியர் அவளைக் குத்திக்கொண்டே இருக்கிறாள். என் கணவன் அனுப்பினானா, உன்னைப் போன்றவளுக்கு இதயம் ஏது என்று. லேடி விண்டர்மியர்தான் கோபத்தில் மரியாதையை விட்டு "நீ"க்கு இறங்க வேண்டும். பெற்றவளை மகள் "நீ" என்று பழிப்பதும், அவள் "நீங்கள்" என்று தாங்கிக்கொள்வதும் கேட்பவர் காதில் உறுத்தும். ரகசியம் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

பிறகு குழந்தையைப் பற்றிய பேச்சு வருகிறது. வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, திரும்பிப் போ என்று. பலர் அங்கேதான் "நீ"க்குப் போவார்கள். போகாதீர்கள். அது வாதம், அவள் இன்னும் தன்னை அடக்கி வைத்திருக்கிறாள். அதை அடுத்து லேடி விண்டர்மியர் அழுது, குழந்தை மாதிரி இரு கையையும் நீட்டி, வீட்டுக்குக் கூட்டிப் போ என்கிறாள். மிஸஸ் எர்லின் கட்டிக்கொள்ளப் போய்த் தன்னை நிறுத்திக்கொள்கிறாள். அந்த இடத்தில் ஒரே ஒரு "வா". "வாருங்கள்" இல்லை. மேலங்கியை எடுத்துப் போடும்போது மறுபடி "நீங்கள்". மகள் அதைக் கவனித்ததாகக் காட்டவே வேண்டாம்.

நான்காம் அங்கத்தில் "நீங்கள்" மட்டும். புகைப்படம் கேட்கும்போதும் சரி, குழந்தையின் பெயரைக் கேட்கும்போதும் சரி. பெண் பிறந்திருந்தால் என் அம்மா பெயரை, மார்கரெட் என்று வைத்திருப்பேன் என்கிறாளே மகள், அதற்கு "என் பெயரும் மார்கரெட்தான்" என்ற பதிலை விளக்கு வெளிச்சம் எதுவும் கூட்டாமல், சாதாரணமாகக் கடந்து போகவிடுங்கள். விசிறியில் இருக்கும் பெயரும் அதே. அதனால்தான் அதைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

---

மூன்றாம்வரிசை

மேலே சொன்னதோடு ஒன்று. நான்காம் அங்கத்தில் அவளைத் தியாகச் சுடராக்கிவிடாதீர்கள். மகளோடு வந்து இருந்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு அவளே பதில் வைத்திருக்கிறாள். இருபத்தொன்பதுக்கு மேல், போனால் முப்பதுக்கு மேல் வயது ஒப்புக்கொண்டதே இல்லை. ரோஜா நிற விளக்கு மறைப்பு இருந்தால் இருபத்தொன்பது, இல்லாவிட்டால் முப்பது. இருபத்தொரு வயதுப் பெண்ணை எங்கே வைத்துக் கணக்குக் காட்டுவது? விண்டர்மியரிடம் சொல்லும் இந்தப் பேச்சை நேரத்துக்காக வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டினால் மிச்சமிருப்பது கண்ணீர்தான். இவள் சிரிக்க வைத்துக்கொண்டே வலியைத் தள்ளிவைக்கிறவள்.

---

குறுக்குவிசாரணை

கடைசி இரண்டு வரிக்கு என் யோசனை.

அகஸ்டஸிடம் அவள் என்ன சொன்னாள் என்பது முக்கியம். உங்களைத் தேடித்தான் டார்லிங்டன் அறைக்குப் போனேன், கூட்டமாக வந்ததும் பயந்து உள்ளே போய்விட்டேன் என்று. மனிதர் பூரித்துப் போய் வந்து, எல்லாவற்றையும் விளக்கிவிட்டாள் என்கிறார். அந்த "எல்லாம்" என்ற சொல்லில் கணவனுக்கு ஒரு பயம், மனைவிக்கு வேறு பயம். விண்டர்மியர் பயப்படுவது மனைவி முன்னால் அம்மா விஷயம் வந்துவிடுமோ என்று, அவள் பயப்படுவது கணவன் முன்னால் விசிறி விஷயம் வந்துவிடுமோ என்று. இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட வேண்டும், ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. இங்கே சிரிப்பு வராவிட்டால் முந்திய மூன்று அங்கத்தில் ஏதோ தப்பு.

இங்கிலாந்தைவிட்டுப் போய்விடுகிறோம் என்கிறார் அகஸ்டஸ். அப்புறம் விண்டர்மியர் அவள் சாமர்த்தியத்தைச் சொல்ல, லேடி விண்டர்மியர் அவள் நல்ல குணத்தைச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கும் ஒரே அச்சு, ஒரு பெயரடை மட்டும் மாறுகிறது. "மிகவும் புத்திசாலியான பெண்மணியை" என்று இழுத்தால் தமிழில் செத்துவிடும். "கெட்டிக்காரியைக் கட்டப் போகிறீர்கள் அகஸ்டஸ்", "நல்லவளைக் கட்டப் போகிறீர்கள்" என்று குறுக்குங்கள். "கெட்டிக்காரி"யில் பாராட்டும் உண்டு, கொஞ்சம் ஏளனமும் உண்டு. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது வரியில் "நல்லவளை" என்பதற்கு முன்னால் "ரொம்ப" சேர்க்கலாம், அவள் அதைக் கணவன் பக்கம் திரும்பாமல் சொல்கிறாள் என்றால் மட்டும்.

---

மூன்றாம்வரிசை

திரை விழும்போது விசிறி யார் கையில் என்று ஒத்திகையில் யாராவது கேட்பார்கள். மிஸஸ் எர்லினிடம். அவள் அகஸ்டஸோடு வண்டிக்குப் போய்விட்டாள். மேடையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள்.